உடலுக்குள் ஒரு விளக்கு: அணு மருத்துவப் படங்களின் வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன், கிள்ளானை அடுத்த தோட்டமொன்றிலிருந்து அம்மாள் ஒருவர் நம்மைத் தேடிப் பள்ளிக்கு வந்தார். இளமையில் பால்மரம் வெட்டியவர். அவருடைய பேத்தி நம்மிடம் படித்துக் கொண்டிருந்தாள். அம்மாளின் கழுத்தில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு வீக்கம். படமெடுத்துப் பார்க்க வேண்டுமென்று மருத்துவமனையில் நாள் குறித்துக் கடிதம் கொடுத்திருந்தார்கள். மலாயில் இருந்த அக்கடிதத்தில் 'நுக்லியர்' என்ற சொல் இருந்தது.

"வாத்தியாரையா, ஜப்பான்ல போட்ட குண்டுதானே அது? அதையா என் உடம்புக்குள்ள விடப் போறாங்க?" என்று கேட்டார். குறித்த நாளில் அவர் மருத்துவமனைக்குப் போகவே இல்லை என்பது பேச்சில் தெரிய வந்தது. அந்தச் சொல்லுக்குப் பொருள் சொன்னவள் பேத்திதானாம். அவளைக் குறை சொல்வதற்கில்லை. அணுவைப் பற்றி வகுப்பில் நாம் சொல்லிக் கொடுத்திருந்தது 1945-ஆம் ஆண்டு ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களின் கதை ஒன்றைத்தான். அணுவுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அதை இன்று சொல்ல விரும்புகிறோம்.

முதலில் எக்ஸ்ரேயை எடுத்துக் கொள்வோம். 1895-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஜெர்மனியின் ராண்ட்ஜன் அக்கதிரைக் கண்டுபிடித்தார். இரண்டே ஆண்டுகளில், 1897-இல், அது நம் நாட்டுத் தைப்பிங் மருத்துவமனைக்கு வந்துவிட்டது. எக்ஸ்ரே என்பது வெளியிலிருந்து பாய்ச்சும் ஒளி. எலும்பு அதை மறிக்கும். தசை பெரும்பாலும் விட்டுவிடும். ஆகவே உறுப்பின் உருவம் தெரியும். ஆனால், அந்த உறுப்பு ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதை உருவம் மட்டும் சொல்லிவிடாது. அதை அறிய உடலுக்குள்ளேயே ஒரு சிறு விளக்கை ஏற்ற வேண்டியிருந்தது.

இந்த எண்ணத்துக்கு வித்திட்டவர் ஹங்கேரி நாட்டு அறிஞர் ஹெவேசி. 1911-ஆம் ஆண்டளவில் அவர் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ரூதர்ஃபோர்டின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். தங்கியிருந்த விடுதியில், தட்டில் மிஞ்சிய உணவையே மறுபடி சமைத்துப் போடுகிறார்கள் என்று அவருக்கு ஓர் ஐயம். ஒருநாள் மிச்ச உணவில் துளியளவு கதிரியக்கப் பொருளைக் கலந்து வைத்தார். பிறகு வந்த உணவைக் கருவியால் சோதித்தபோது அதில் கதிரியக்கம் தெரிந்ததாம். இது அவரே சொன்னதாக வழங்கும் கதை. கதை எப்படியாயினும், அதே முறையால் 1923-இல் செடிகள் ஈயத்தை எவ்வாறு உறிஞ்சுகின்றன என்பதை அவர் ஆராய்ந்து காட்டினார். 1943-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

அடுத்து அமெரிக்காவுக்கு வருவோம். நம் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அயோடினைத் தேடி இழுத்துக் கொள்ளும் இயல்புடையது. 1937-இல் பாஸ்டன் நகரில் சால் ஹெர்ட்ஸ் என்ற மருத்துவரும் ஆர்தர் ராபர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் முயல்களுக்குக் கதிரியக்க அயோடினைக் கொடுத்து, அது சுரப்பியில் போய்ச் சேர்வதை அளந்தார்கள். 1941-இல் அதைக் கொண்டு நோயாளிகளுக்குச் சிகிச்சையும் தொடங்கினார்கள்.

இன்று இத்துறையில் மிகுதியாகப் பயன்படுவது டெக்னீஷியம் என்ற தனிமம். 1937-இல் இத்தாலியின் பலெர்மோ நகரில் செக்ரேயும் பெரியரும் அதைக் கண்டறிந்தார்கள். மறு ஆண்டே செக்ரேயும் சீபோர்க்கும் அதன் ஒரு வகையைப் பிரித்தறிந்தார்கள். அந்த வகையின் அரை ஆயுள் 6 மணி நேரம். அதாவது, 6 மணி நேரத்தில் பாதியாகும். 12 மணி நேரத்தில் கால் பங்காகும். ஒரு நாள் முடியும்போது பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். நோயாளிக்கு இது பெரிய நன்மை. ஆனால், இவ்வளவு விரைவில் மறையும் பொருளைத் தொலைவிலிருந்து எப்படிக் கொண்டு வருவது?

வழி கண்டவர்கள் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தார். மாலிப்டினத்தின் ஒரு வகை 66 மணி நேர அரை ஆயுள் கொண்டது. அது சிதைந்து டெக்னீஷியமாக மாறும். மாலிப்டினத்தை ஒரு குழாயில் நிறுத்தி, காரீயக் கவசமிட்டு அனுப்பினால், மருத்துவமனையில் அதன் வழியே உப்புநீரைச் செலுத்தி டெக்னீஷியத்தை மட்டும் வடித்தெடுக்கலாம். 1950-களின் இறுதியில் இக்கருவி உருவாயிற்று. மேல்நாட்டார் இதனைப் 'பசு' என்றும், வடிப்பதைப் 'பால் கறத்தல்' என்றும் செல்லமாகச் சொல்வார்கள். நமக்கோ பால்மரமே நினைவுக்கு வருகிறது. காலையில் வடித்துவிட்டால் மறுநாள் காலைக்குள் மீண்டும் ஊறிவிடும். ஒரு வாரம் போல இப்படி வடிக்கலாம். நாளாக ஆகப் பால் குறையும்.

விளக்கை ஏற்றியாயிற்று. அதைப் பார்க்கக் கண் வேண்டுமே! காமாக் கதிர் நம் கண்ணுக்குத் தெரியாது. 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெனடிக்ட் காசன் என்பவர் ஓர் இயந்திரத்தைச் செய்தார். அது கழுத்தின் மேல் வரிவரியாக நகர்ந்து, கதிர் வரும் இடங்களில் காகிதத்தில் புள்ளி வைக்கும். படம் கிடைத்தது, ஆனால் நேரம் பிடித்தது. பெர்க்லி நகரில் ஹால் ஆங்கர் என்பவர் 1950-களின் பிற்பகுதியில் வேறொரு வழியைக் கண்டார். கதிர் பட்டால் மினுக்கென்று ஒளிரும் பெரிய படிகம் ஒன்றை வைத்து, அதன் பின்னால் ஏழு ஒளிக்குழாய்களைப் பொருத்தினார். இருட்டில் ஏழு பேர் நிற்கிறார்கள். எங்கோ ஒரு தேங்காய் விழுகிறது. யாருக்குச் சத்தம் அதிகமாகக் கேட்டது, யாருக்குக் குறைவாகக் கேட்டது என்று ஒப்பிட்டால் காய் விழுந்த இடத்தைச் சொல்லிவிடலாம் அல்லவா? ஆங்கரின் கருவி ஒவ்வொரு மினுக்கின் இடத்தையும் அப்படித்தான் கணக்கிட்டது. இதுவே காமாக் கேமரா. பின்னாளில் கேமராவை உடலைச் சுற்றிச் சுழலவிட்டு, கணிப்பொறியின் துணையால் முப்பரிமாணப் படமும் எடுத்தார்கள். 1970-களில் பெட் என்னும் கருவியும் வந்தது.

ஆசியாவிலும் இத்துறை வளர்ந்தது. 1963-இல் பம்பாயில் கதிரியக்க மருத்துவ மையம் தொடங்கப்பட்டது. நம் நாட்டு வரலாற்றைக் காணக் கிள்ளானில் ரயில் ஏறி, பிரிக்பீல்ட்ஸில் உள்ள சென்ட்ரல் நிலையத்தில் மாறி, சிரம்பான் பக்கம் போகும் வண்டியில் பாங்கிக்குச் செல்ல வேண்டும். 1972-இல் தொடங்கி, பின்னர் துன் இஸ்மாயில் அணு ஆய்வு மையம் என்று பெயர் பெற்ற நிலையம் அங்கே உள்ளது. துணைப் பிரதமராக இருந்த துன் டாக்டர் இஸ்மாயில் ஒரு மருத்துவர் என்பது இங்கே நினைக்கத் தக்கது. 1982-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் அங்கே நாட்டின் முதல் அணு உலை இயங்கத் தொடங்கியது. அதன் ஆற்றல் ஒரு மெகாவாட் மட்டுமே. மின்சாரம் எடுக்க அன்று. ஆய்வுக்கும் பயிற்சிக்கும் கதிரியக்கப் பொருள் ஆக்கத்திற்குமே அது அமைந்தது. 1984-இல் அணுசக்தி உரிமச் சட்டமும் இயற்றப்பட்டது. பிரிக்பீல்ட்ஸுக்கு அருகிலுள்ள பந்தாய்ப் பள்ளத்தாக்கில், மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ இயற்பியல் பேராசிரியர் இங் குவான் ஹூங், 2018-இல் மேரி கியூரி பெயரிலான உலக விருதைப் பெற்றார்.

ஆயினும் இவ்வுலகத் தொழில் மெல்லிய கயிற்றில் தொங்குவது. மருத்துவத்துக்கான மாலிப்டினத்தில் பெரும்பகுதியை ஒருசில பழைய உலைகளே தந்து வந்தன. 2009-இல் கனடாவின் சாக் ரிவர் உலை கசிவினால் நிறுத்தப்பட்டது. 2010-இன் தொடக்கத்தில் நெதர்லாந்தின் பெட்டன் உலையும் பழுதுபார்க்க மூடப்பட்டது. பல நாடுகளில் நோயாளிகள் காத்திருக்க நேர்ந்தது.

அந்த அம்மாளிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. பால் வடிக்கும் கதையையும், ஒரே நாளில் பதினாறில் ஒரு பங்காகும் கணக்கையும் சொன்னோம். இயற்கையாகவே மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் மனிதர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சைப் பெறுகிறோம்; கழுத்துப் படத்தில் பெறுவதும் சில மில்லிசீவர்ட் அளவே. கருவுற்றோரும் பாலூட்டுவோரும் மட்டும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். "பால் வடியுற மாதிரிதானா? இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, ஐயா!" என்றார் அம்மாள்.

மறுபடி நாள் வாங்கிப் போய்வந்தார். படத்தில் வீக்கம் இருந்த இடம் மட்டும் ஒளிராமல் இருண்டிருந்தது. அப்படி இருண்ட கட்டிகள் பெரும்பாலும் தீங்கற்றவை. ஆயினும் சில புற்றாக இருக்கலாம். ஊசியால் சோதித்தபோது இது அந்தச் சிலவற்றுள் ஒன்று என்று தெரிந்தது. அறுவை செய்தார்கள். அவர் தேறிவிட்டார். ஆனால், முதற் கடிதத்துக்கும் படத்துக்கும் இடையே நான்கு மாதங்கள் வீணாயின. அந்த நான்கு மாதங்களை நம் வகுப்பறைக் கணக்கில்தான் எழுத வேண்டும்.

இப்போது அணுப் பாடம் வரும்போது, ஹிரோஷிமாவைச் சொன்ன அன்றே காமாக் கேமராவையும் பலகையில் வரைந்து காட்டுகிறோம். உங்கள் வீட்டுக்கும் அப்படியொரு கடிதம் வந்தால், படித்தவர் ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். குறித்த நாளைத் தவற விடாதீர்கள்.