மரம் அட்டையான கதை

அரியலூர், பெரம்பலூர் பக்கத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளில், பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தபடியே எழுதும் உயரத்தில் சுவரில் கறுப்பு அடித்திருந்தார்கள். ஆளுக்கொரு கட்டம். தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி இழுத்து, பிள்ளைகள் வரைந்ததையும் வெட்டி ஒட்டியதையும் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்குக் கம்பிப் பந்தல் என்று பெயர். இன்னொரு சுவரில் ஏணிப்படி அட்டவணை. அதில் தான் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்து, தனக்கான அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு பாயில் போய் உட்கார்ந்தது பிள்ளை. செயல்வழிக் கற்றல் என்று அரசாணை சொன்னதை ஆசிரியர்கள் ஏ.பி.எல். என்றே சொன்னார்கள்.

2007-08 கல்வியாண்டில் இது தமிழகமெங்கும் 37,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் போனது. அதே கல்வியாண்டில்தான், 2007 நவம்பர் 23 அன்று, அரியலூர் பெரம்பலூரைவிட்டு இரண்டாம் முறையாகப் பிரிந்து தனி மாவட்டமானது. புது மாவட்டமும் புது வகுப்பறையும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள்.

அந்த அட்டைக்கு முன்னோர் உண்டு. அது மரத்தால் ஆனது.

1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரத்தில் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில், வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்காக ஒரு வீட்டைத் திறந்தார் மருத்துவர் மரியா மாண்டிசோரி. மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காக பிரெஞ்சு மருத்துவர்கள் இட்டார்டும் செகுயினும் செய்துவைத்த பொருள்களை எடுத்து, மாற்றி, அந்தப் பிள்ளைகளின் கையில் கொடுத்தார். அவற்றில் ஒன்று ஒரு மரக்கட்டை. அதில் பத்துக் குழிகள். அவற்றுக்குள் பொருந்தப் பத்து உருளைகள். ஒன்றைத் தப்பான குழியில் போட்டால் கடைசியில் ஓர் உருளை எங்கும் பொருந்தாமல் கையில் மிஞ்சும். "தப்பு" என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, கட்டையே சொல்லிவிடும். அந்த அம்மையாரின் முறை முழுவதும் இந்த ஒரு கட்டைக்குள் இருக்கிறது என்பேன். மேசை நாற்காலியைக் குட்டையாக்கியதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சொரசொரப்பான காகிதத்தில் எழுத்தை வெட்டி ஒட்டி, பிள்ளைகளை விரலால் தடவ வைத்ததும் அவர்தான். நம்மூர்க்காரருக்கு இது புதுசாகப் படாது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி விரலால் எழுதித்தானே அ, ஆ வந்தது? எழும்பூரில் படைவீரர்களின் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், அந்த மணலெழுத்தைப் பார்த்துத் தன் விடுதியில் புகுத்தினார். தெரிந்த பையன் தெரியாத பையனுக்குச் சொல்லித்தரும் ஏற்பாட்டையும் அங்கே வைத்தார். 1797-இல் லண்டனில் அதைப் புத்தகமாகவும் போட்டார். இங்கிலாந்துப் பள்ளிகளில் அது சென்னை முறை என்றே பேர் வாங்கியது. ஏ.பி.எல். வகுப்பில் மூத்த பிள்ளை இளையதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து அட்டையை விளக்கியபோது எனக்கு பெல் ஞாபகம்தான் வந்தது.

மாண்டிசோரி சென்னைக்கு வந்தது 1939 நவம்பரில், அறுபத்தொன்பது வயதில். ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைக்க, அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ஓலைக் கொட்டகைகளில் பயிற்சி நடந்தது. 300 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் மாரியோ ஆங்கிலத்தில் சொன்னார். சில மாதப் பயணம் என்று வந்தவரை யுத்தம் பிடித்து நிறுத்தியது. 1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும் மாரியோவைச் சிறைமுகாமில் அடைத்தார்கள். அம்மாவின் எழுபதாவது பிறந்த நாளை ஒட்டி விடுவித்தார்கள். 1942 முதல் இரண்டு வருஷம் மாண்டிசோரி கொடைக்கானலில் இருந்தார். இலையும் பூச்சியும் கல்லும் பார்த்துப் பிள்ளைகள் உலகத்தைப் படிக்கும் பாடங்கள் அங்கேதான் உருப்பெற்றன. யுத்தம் முடிந்து 1946-இல்தான் ஊர் திரும்பினார்.

அவர் போன பிறகு நடந்ததுதான் வேடிக்கை. சேரிப் பிள்ளைகளுக்காகப் பிறந்த முறை இங்கே கட்டணப் பள்ளியின் பெயர்ப்பலகைக்கு ஏறியது. அளவு பிசகாமல் இழைத்த மரப் பொருள்கள் விலை அதிகம்; ஒரு தொகுப்பு வாங்கவே கிராமப் பள்ளிக்குக் கட்டாது. இன்றைக்குச் சின்ன ஊர்களில்கூட மாண்டிசோரி என்று எழுதிய மழலையர் பள்ளிகள் உண்டு. அவற்றில் எத்தனையில் அந்தப் பத்துக் குழிக் கட்டை இருக்கிறது என்று பெற்றோர் கேட்டுப் பார்க்கலாம்.

கிராமத்துக்கான வழி வேறு திசையிலிருந்து வந்தது. டேவிட் ஹார்ஸ்பர்க் என்ற ஆங்கிலேயர் 1972-இல் கர்நாடகத்தின் கோலார் பக்கம் நீல்பாக் என்ற பள்ளியைத் தொடங்கி, கையால் செய்த பொருள்களை வைத்தே பாடம் நடத்தினார். அந்தச் சிந்தனை ஆந்திரத்தில் மதனப்பள்ளி அருகே, ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷிவேலியில் வேர்பிடித்தது. சுற்றுவட்டக் கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகள். ஒரே அறையில் ஐந்து வகுப்பு. அங்கே பணியாற்றிய பத்மநாப ராவும் ரமாவும் பாடப்புத்தகத்தைப் பிரித்துப்போட்டு அட்டை அட்டையாக்கினார்கள். அட்டைகளை ஏணியில் வரிசைப்படுத்தினார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறலாம். அட்டைக்குத் தச்சர் வேண்டாம்.

அதைத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிக்குக் கொண்டுவந்தவர் எம்.பி. விஜயகுமார், ஐ.ஏ.எஸ். கொத்தடிமையிலிருந்து மீட்ட பிள்ளைகளை எப்படிப் பள்ளியில் உட்கார வைப்பது என்ற தவிப்பிலிருந்து தொடங்கியது இது. 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது 13 மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்தார். பிறகு அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநராக அமர்ந்து மாநிலம் முழுக்கப் பரப்பினார். மேசையைவிட்டு ஆசிரியரும் பாய்க்கு இறங்கினார்.

நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் மரம் அட்டையானபோது ஒன்று நழுவியது. உருளையைப் போலத் தப்பைத் தானே சொல்ல அட்டைக்குத் தெரியாது. பிள்ளை செய்தது சரியா என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். முப்பது பேருக்கும் ஒரே ஆசிரியர் பார்க்க வேண்டும். கிழிந்த அட்டைக்கு மாற்று வராத பள்ளியில் ஏணியின் நடுப்படி காணாமல் போனது. 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் என்ற அரசுத் திட்டம் வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்து, அட்டைக்குப் பதில் பயிற்சி நூலைக் கொடுத்தது. வகுப்பறை மூலைகளில் பாடல் களம், கதைக் களம், படைப்புக் களம் என்று இடம் ஒதுக்கியது. களிமண்ணும் கத்தரிக்கோலும் படைப்புக் களத்தில் இருக்கின்றன. நிரப்பியே தீர வேண்டிய பயிற்சித் தாள் அவற்றை ஓரங்கட்டாமல் இருந்தால் சரி.

அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டங்களிலும் அட்டைக்கு முந்திய பொருள் மண்ணிலேயே கிடக்கிறது. பெரம்பலூர்க் களத்தில் சின்ன வெங்காயத்தைப் பருமன் பார்த்துப் பொறுக்கிப் பிரிப்பதும், மாண்டிசோரியின் மர உருளையை வரிசைப்படுத்துவதும் கைக்கு ஒரே வேலை. மக்காச்சோளக் கதிரில் மணிகளின் வரிசையை எண்ணலாம், உதிர்த்துப் பத்துப் பத்தாகக் கட்டலாம். ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்கொட்டை. காரை கிராமத்தின் செம்மண் ஓடைகளில் பத்துக் கோடி வருஷத்துக்கு முந்திய கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்ற உயிரின் புதைபடிவச் சுருளைப் பிள்ளைகள் பார்த்துவிட்டு வரட்டும், எடுத்துவர வேண்டாம். பள்ளிக்கு வந்து ஈரக் களிமண்ணில் அதே சுருளை உருட்டிப் பார்க்கட்டும். வெங்காயம் பிரிக்க ஒரு பலகையில் ஏழெட்டு அளவில் ஓட்டை போட்டுவிட்டால், எந்த ஓட்டையில் எது விழும் என்று பிள்ளைக்கு அந்தப் பலகையே காட்டும். உள்ளூர்த் தச்சருக்கு அது அரை நாள் வேலை.