குதிரும் கொல்லாமையும்

ஏணி எட்டாத உயரமும், மேற்புறத்தைத் திறந்து தானியம் சொரியும் அமைப்பும் உடைய நெற்கூடுகள் தொண்டை நாட்டு உழவர் மனைகளில் நின்றதைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் பாடியுள்ளார். அக்கூட்டின் வழிவந்ததே நம் முன்னோர் வீடுகளில் நின்ற மண் குதிர். இன்று தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பகுதிகளில் வாழும் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பல, வந்தவாசி, ஆரணி, திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களின் உழவுக் குடும்பங்களே. ஆதலின் குதிரின் வரலாறு நம் குடும்ப வரலாறும் ஆகும்.

உழவராகவும் சமணராகவும் ஒருங்கே வாழ்வதில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. நெல்லில் அந்து விழும். அரிசியில் கூன்வண்டு புகும். பயற்றை வண்டு துளைக்கும். தானியத்தைக் காக்கவும் வேண்டும். உயிரைக் கொல்லவும் கூடாது. எறும்பையும் சிதலையும் மூவறிவுயிர் என வகுக்கும் தொல்காப்பிய மரபியல். பொறிகளின் எண்ணிக்கைகொண்டு உயிர்களை வகுப்பது நம் ஆகம மரபுமாகும். இல்லறத்தாரின் அணுவிரதத்தில், எண்ணித் துணிந்து செய்யும் கொலை விலக்கப்பட்டது. உழவிலும் சமையலிலும் தவிர்க்க இயலாது நேர்வது, விழிப்பினால் குறைக்கத்தக்கது. எனவே, வந்த பூச்சியைக் கொல்வதினும் வாராமற் காப்பதே நம் பெரியோர் தேர்ந்த வழி.

என் பாட்டியார் நெல்லைப் பல நாள் வெயிலில் காயவைப்பார். ஒரு மணியைக் கடித்துப் பார்த்து, ‘கடுக்’கென ஒடிந்தால்தான் குதிருக்கு அனுப்புவார். ஈரம் வற்றிய மணியில் பூச்சி எளிதிற் பெருகாது. குதிரைச் சாணமும் செம்மண்ணும் கொண்டு வெடிப்பின்றி மெழுகி, நிழலில் உலர்த்திய நொச்சி, வேப்பிலைகளை நெல்லினிடையே அடுக்கடுக்காக இடுவார். துவரைக்குச் செம்மண் கட்டுவார். உளுந்துக்கு ஆமணக்கெண்ணெய் தடவுவார். விதைப் பயற்றில் சாம்பலும் வசம்புத்தூளும் கலப்பார்.

வேம்பின் ஆற்றலை அறிவியல் பிற்காலத்தே கண்டது. 1959இல் சூடானில் வெட்டுக்கிளிகள் பசுமையனைத்தையும் தின்று வேப்பமரத்தை மட்டும் விட்டதை ஜெர்மானிய அறிஞர் ஷ்முட்டரர் கண்டார். 1962இல் தில்லியில் பிரதான் குழுவினர் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்த பயிரை வெட்டுக்கிளிகள் தீண்டாமையை நிறுவினர். 1968இல் அதன் வேதிப்பொருளாகிய அசாடிராக்டின் பிரித்தெடுக்கப்பட்டது. உண்ண வரும் பூச்சியை உண்ணவிடாமல் விலக்குவது வேம்பின் முதற்பண்பு.

இதற்கிடையே வேறொரு வழி பரவியது. டி.டி.டி.யின் பூச்சிகொல்லும் திறனைக் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு கிடைத்தது. அவ்வகைப் பொடிகள் நம் சிற்றூர்களையும் எட்டின. பின்னர் இந்தியாவில் வேளாண்மைக்கு டி.டி.டி. 1989இலும், பி.எச்.சி. 1997இலும் தடைசெய்யப்பட்டன. கிடங்குகளுக்கென அமைந்த அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைச் சிலர் வீட்டு மூட்டைகளிலும் இடுகின்றனர். அதிலிருந்து எழும் நச்சுவாயு, அடைத்த அறையில் உறங்கும் மனிதரையே கொல்ல வல்லது. அடுக்குமாடி வீட்டில் அதனை எக்காரணங்கொண்டும் வைத்தலாகாது.

ஓர் உண்மையையும் மறைத்தல் கூடாது. பழைய முறைகள் யாவும் கொலையற்றவை அல்ல. சாம்பல் பூச்சியின் மேற்றோலைத் தேய்த்து உலர்த்திவிடும். எண்ணெய் முட்டையை வளரவிடாது. ஆகவே நம் மரபின் சாரம் எந்த ஒரு பொருளிலும் இல்லை. பூச்சி புகுமுன்னரே உலர்த்தி, தூய்மை செய்து, மூடிவைக்கும் விழிப்பில் உள்ளது. காற்றை நாடி நகரும் பூச்சியின் இயல்பைப் பயன்படுத்தி, நஞ்சின்றி அதனைத் தானியத்திலிருந்து பிரிக்கும் கலனைக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கியுள்ளது. இதுவும் அவ்வழியில் ஒரு படியே.

நகரத்து வீட்டில் குதிருக்கு இடமில்லை, விழிப்புக்கு இடமுண்டு. தேவைக்கு மிகாமல் வாங்குக. மாடி வெயிலில் உலர்த்தி, ஆறியபின் இறுக மூடுக. உலர்ந்த வேப்பிலையையோ நொச்சியிலையையோ துணிமுடிப்பாக உள்ளே இடுக. வசம்பு விதைக்கே உரியது. உண்ணும் அரிசியில் கலக்கற்க. வண்டு வந்துவிட்டால் முறத்தில் பரப்பி வெளியே வைத்து, அது தானே அகலப் பொறுத்திருங்கள். பேரக்குழந்தைகளையும் அருகே அமர்த்திக்கொள்ளுங்கள். பாட நூலில் அவர்கள் படிக்கும் அகிம்சை, நம் சமையற்கட்டில் எவ்வாறு இருந்தது என்பதை அவர்கள் அன்றே அறிவார்கள்.