முதுகு வலியின் வரலாறு

மலைநாட்டிலே முதுகு வலி ஒரு நோயாகக் கருதப்படுவதில்லை. அது தொழிலோடு கூடப் பிறந்தது. விடியலிலே பிரட்டுக்களத்தில் நின்று, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு சரிவேறிய பெண் வலிக்கிறது என்றால் யார் கேட்பார்? குறித்த நிறை சேராவிட்டால் அரைப்பேர்தான். கூடை போய்ப் பை வந்த பின்னும் சுமப்பது அதே முதுகுதான்.

இந்தப் பொது வலிக்குள்ளே வேறொரு வலி ஒளிந்திருக்கக்கூடும். மைலோமா என்பது எலும்பு மச்சையில் தோன்றும் இரத்தப் புற்றுநோய். அது எலும்பை அரிக்கிறது. முள்ளெலும்புகள் நொறுங்கிச் சரிகின்றன. கொழுந்து பறிப்பதால் இந்நோய் வருவதில்லை. ஆனால், கொழுந்து பறிக்கும் முதுகிலே வந்தால் எளிதில் மறைந்துகொள்ளும்.

1844-இல் லண்டன் மருத்துவமனை ஒன்றிலே சேரா நியூபெரி என்னும் இல்லத்தரசி இந்நோயால் இறந்தாள். குனிந்தபோது முதுகில் எழுந்த வலியே அவளுக்குத் தொடக்கம். அவளுக்குக் கிடைத்த மருந்து ஆரஞ்சுத் தோல் கஷாயமும் ரேவல்சின்னி மாத்திரையும். எனினும், சாமுவேல் சாலி என்னும் வைத்தியர் அவள் எலும்புகளை ஆராய்ந்து எழுதிவைத்தார். அடுத்த ஆண்டு ஒரு மளிகை வியாபாரியின் சிறுநீரிலே பென்ஸ் ஜோன்ஸ் கண்ட புரதம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

அதே 1840-களில் நம் முன்னோர் மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தனர். வழியிலே மாண்டோர் பலர். அவர்களுடைய எலும்புகளை எவரும் ஆராயவில்லை.

பிறகு, 1872-இலும் 1912-இலும் தோட்ட மருத்துவச் சட்டங்கள் வந்தன. 1916-இல் கொக்கிப்புழு ஒழிப்பு தொடங்கிற்று. இவை நன்மையே செய்தன. ஆயினும், வேலையைக் குறைக்கும் நோய்க்கே முதலிடம் கிடைத்தது. வலித்தும் வேலைக்கு வருகிறவளை நோயாளியாக எண்ண எந்தச் சட்டமும் கற்பிக்கவில்லை.

1984-இல் பிரான்சின் அமியேன் நகரிலே கலிபேர், தெரமோன் என்னும் இரு வைத்தியர்கள், கட்டியால் அரிக்கப்பட்ட ஒரு கழுத்தெலும்புக்குள் ஊசி வழியே எலும்புச் சீமெந்தைச் செலுத்தினர். பின்னர் புற்றுநோயால் நொறுங்கிய முள்ளெலும்புகளுக்கும் இம்முறை வந்தது. பெரிய அறுவை இல்லை. எக்ஸ்ரேயின் துணையோடு தோலைத் துளைத்து ஊசி செல்கிறது; சில நிமிடங்களில் சீமெந்து இறுகுகிறது. 1990-களின் இறுதியில், முதலில் சிறு பலூனை ஊதி இடம் உண்டாக்கும் முறையும் சேர்ந்தது. 134 புற்றுநோயாளரிடம் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்விலே, பலூன் சிகிச்சை பெற்றோர் ஒரு மாதத்தில் மற்றவரைவிட நன்றாக நடமாடினர், வலியும் தணிந்திருந்தது. இது புற்றுநோயைத் தீர்ப்பதன்று; சீமெந்து கசியும் ஆபத்தும் உண்டு. ஆனால், படுத்தவரை எழுப்பி உட்காரவைக்கும்.

அந்த ஊசிக்கும் லயக்காம்பராவுக்கும் இடையே எவ்வளவு தூரம்! அட்டனிலிருந்து மகரகமைப் புற்றுநோய் மருத்துவமனை நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். உண்மையான தூரமோ அதனினும் பெரிது. தோட்டத்து டிஸ்பென்சரியிலே வலி மாத்திரை வாங்கித் திரும்புகிறவளை நிறுத்தி, “இரவில் படுத்தாலும் வலிக்கிறதா? உடல் மெலிகிறதா? களைப்பு நீங்கவில்லையா?” என்று கேட்டு, இரத்தப் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேக்கும் அனுப்ப ஒருவர் வேண்டும். அன்றைய சம்பளம் போய்விடுமே என்ற அச்சமின்றி அவள் போகவும் வேண்டும்.

சேரா நியூபெரிக்கு மருந்து இல்லை. ஆனால், அவள் வலியை ஒருவர் எழுதிவைத்தார். நம் தாய்மாருக்கு இன்று மருந்து உண்டு. அவர்கள் வலியைக் கேட்டு எழுதுவோர்தாம் இல்லை. மலையக வரலாற்றில் எழுதப்படாத அந்த ஏட்டை இனியேனும் எழுதத் தொடங்குவோம்.