அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய முழுமை ஆயத்தம்

நாள் குறிக்கப்பட்ட அறுவைச் சிகிச்சைக்கு முன்னுள்ள வாரங்களில், நோயாளியின் உடல் வலிமை, ஊட்டநிலை, மனநிலை ஆகிய மூன்றையும் ஒருங்கே மேம்படுத்தும் மருத்துவ முறை அறுவை முன்னாயத்தம் எனப்படும். மருத்துவ வட்டாரங்களில் இது ‘ப்ரீஹேபிலிட்டேஷன்’ என்ற பெயரில் வழங்குகிறது. அறுவைக்குப் பிந்தைய மறுவாழ்வுப் பயிற்சியைக் கத்திபடும் முன்பே தொடங்கிவிடுவது இதன் அடிப்படை.

இதன் தேவையை உடலியங்கியல் விளக்குகிறது. பெரிய அறுவை எதுவாயினும் உடல் அதனைக் காயமாகவே எதிர்கொள்கிறது. கார்ட்டிசால் முதலிய இயக்குநீர்கள் மிகுந்து சுரக்க, இரத்தச் சர்க்கரை உயர்கிறது, ஆக்சிஜன் தேவை கூடுகிறது, காயத்தை ஆற்றவும் தொற்றை எதிர்க்கவும் வேண்டிய அமினோ அமிலங்களுக்காகத் தசைப் புரதம் சிதைக்கப்படுகிறது. இச்சுமையைத் தாங்கும் இருப்பு உடலில் முன்னரே இருந்தாக வேண்டும். இளைஞருக்கு அது இயல்பாகவே அமைந்திருக்க, முதியவரும் புற்றுநோயால் மெலிந்தவரும் அதனைத் தேடிச் சேர்க்க வேண்டியவர்களாகின்றனர்.

டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலெட் 1990களில் இக்காய எதிர்வினையைக் குறைக்கும் நோக்கில் வலி நீக்கம், விரைந்து உணவு தொடங்குதல், விரைந்து எழுந்து நடத்தல் முதலியவற்றை ஒரே திட்டமாக இணைத்தார். அறுவையின்போதும் அதன் பின்னரும் நிலவும் பராமரிப்பையே பெரிதும் கருதிய அத்திட்டத்தின் எல்லையை முந்தைய வாரங்களுக்கும் விரித்த குழுக்களுள், கனடாவின் மொன்றியல் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் மயக்கவியல் மருத்துவர் பிரான்செஸ்கோ கார்லி வழிநடத்திய குழு குறிப்பிடத்தக்கது. அக்குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில், பெருங்குடல் அல்லது மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொள்ளவிருந்த 77 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர்; நடை, தசைப் பயிற்சி, புரதம் செறிந்த உணவு, மனத்தை அமைதிப்படுத்தும் பயிற்சி ஆகியவை அடங்கிய ஒரே திட்டத்தை ஒரு பிரிவினர் அறுவைக்கு ஏறத்தாழ நான்கு வாரம் முன்பும், மற்றவர் அறுவைக்குப் பின்பும் தொடங்கினர். ஆறு நிமிடத்தில் ஒருவர் எவ்வளவு தொலைவு நடக்கிறார் என்பதே அளவுகோல். எட்டாம் வாரத்தில் பழைய நடைத்திறனை எட்டியவர்கள் முன்தொடங்கியோரில் 84 விழுக்காடு, பின்தொடங்கியோரில் 62 விழுக்காடு. எனினும் சிக்கல்களின் அளவிலோ மருத்துவமனையில் தங்கிய நாள்களிலோ இவ்வாய்வு பெரிய வேறுபாட்டைக் காட்டவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பயிற்சி, உணவு, மனம் ஆகிய மூன்று கூறுகளும் ஒன்றையொன்று சார்ந்தவை. புரதமின்றிச் செய்யும் பயிற்சி தசையை வளர்ப்பதில்லை, அஞ்சி ஒடுங்கியவர் பயிற்சிக்கே எழுவதில்லை. ஆகவேதான் பயிற்சியை அடுத்துப் புரதம் உண்ணுமாறும், நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் பெறுமாறும் இத்திட்டங்கள் வகுக்கப்படுகின்றன. சிறுநீரக நோயுள்ளோருக்கு இந்த அளவு பொருந்தாமல் போகலாம். இரத்தசோகையைக் கண்டறிந்து சரிசெய்தல், நீரிழிவைக் கட்டுக்குள் கொணர்தல், மதுவை விடுதல் ஆகியவையும் இவ்வாரங்களுக்குரியவையே.

புகையிலையைத் தனியே குறிப்பிட வேண்டும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினைப் பற்றிக்கொண்டு ஆக்சிஜனைத் தடுக்கிறது. நிகோட்டின் சிறு இரத்தக்குழாய்களைச் சுருக்கிக் காயத்திற்குச் செல்லும் இரத்தத்தைக் குறைக்கிறது. இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றத்துக்குக் காத்திருந்த 120 பேரிடம் டென்மார்க்கில் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வில், ஆறு முதல் எட்டு வாரம் முன்பே புகையை விடவோ குறைக்கவோ உதவி பெற்றோரில் 18 விழுக்காட்டினருக்கும், அவ்வுதவி பெறாதோரில் 52 விழுக்காட்டினருக்கும் சிக்கல்கள் நேர்ந்தன. இத்துறையில் இவ்வளவு தெளிவான வேறுபாடு அரிது.

மூச்சுப் பயிற்சிக்கு வாரக்கணக்கும் வேண்டியதில்லை. மேல்வயிற்று அறுவைக்குப் பின் வலிக்கு அஞ்சி நோயாளி ஆழ்ந்து மூச்செடுக்காமலும் இருமாமலும் இருக்க, நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி தேங்குகிறது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 441 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், இயன்முறை மருத்துவர் ஒருவர் அறுவைக்கு முன் ஒரே ஒருமுறை அரைமணி நேரம் இதனை விளக்கி மூச்சுப் பயிற்சி கற்பித்ததே நுரையீரல் சிக்கல்களைப் பாதியாகக் குறைத்தது.

மன ஆயத்தத்தின் வேர் இன்னும் பழையது. அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் லாரன்ஸ் எக்பெர்ட்டும் உடன் உழைத்தோரும் 1964இல் வெளியிட்ட ஆய்வில், வயிற்று அறுவைக்கு முந்தைய நாள் மருத்துவரே வந்து, வலி எங்கே எழும், எவ்வளவு நாள் நீடிக்கும், வயிற்றுத் தசையைத் தளர்த்துவது எப்படி, படுக்கையில் புரள்வது எப்படி என்று எடுத்துரைக்கப் பெற்றவர்களுக்குப் பின்னர் வேண்டியிருந்த அபின்வகை வலிநீக்கிகள் மற்றவர்களுக்கு வேண்டியிருந்ததில் ஏறத்தாழப் பாதியே. அச்சத்தைத் தணித்தது, வருவதை மறைக்காத விளக்கமே. தியானம், இசை, கற்பனைக் காட்சிப் பயிற்சி ஆகியவை பதற்றத்தைக் குறைப்பதற்குச் சான்றுகள் உண்டு. அவை காயத்தையே விரைந்து ஆற்றும் என்று விளம்பப்படுவதற்கு அதே உறுதியான சான்று இல்லை. பூண்டு மாத்திரை, ஜின்கோ, ஜின்செங் போன்ற மூலிகைச் சரக்குகள் இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்பதால், இயற்கையானவை என்று கருதி மறைக்காமல் அவற்றை மயக்கவியல் மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிப்பது இன்றியமையாதது.

குடல் வெடிப்பு போன்ற அவசர அறுவைகளில் இம்முறைக்கு இடமில்லை. புற்றுநோய்க்கான அறுவையை ஆயத்தத்தின் பொருட்டுத் தள்ளிவைப்பது பொதுவாக ஏற்கப்படுவதில்லை. பரிசோதனைகளுக்கும் முறைப்பட்டியலுக்கும் எப்படியும் கழியும் நாள்களே இதற்குப் பயன்படுத்தப்படுகின்றன.