பிறப்பிடமும் பாலும்: அரசியல் சாசனத்தின் ஒரே வரியில் இரண்டு சொற்கள்

மும்பைத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுந்த எவரும் 1966ஆம் ஆண்டைத் தொடாமல் மேலே போக முடியாது. அந்த ஆண்டு ஜூன் 19 அன்று சிவசேனை தொடங்கப்பட்டது. அதற்கு முன்பே ‘மார்மிக்’ வார இதழ், பெரிய ஆபீஸ்களில் வேலை பார்த்த தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியல் பட்டியலாக வெளியிட்டது. டெலிபோன் டைரக்டரியைப் புரட்டி எடுத்த பெயர்களும் அதில் உண்டு. பெயரைப் பார்த்தே ஆளை ஒதுக்குவது என்றால் என்ன என்பதை மாதுங்கா, சயான், தாராவி, செம்பூர்த் தமிழர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

அன்றைக்கு நமக்குச் சட்டத்தில் என்ன பிடிமானம் இருந்தது? அரசியல் சாசனத்தின் 15ஆம் ஷரத்தில் மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் என்று ஐந்து சொற்கள் இருக்கின்றன. இவற்றைக் காரணம் காட்டி எந்தக் குடிமகனிடமும் அரசு பாகுபாடு காட்டக்கூடாது. ஐந்தாவது சொல்தான் நம்முடையது. அதற்கு ஒட்டினாற்போல் நாலாவதாக நிற்கிற ‘பால்’ என்ற சொல்லை நம்பி, நம் நாட்டில் இன்னொரு கூட்டத்தார் நெடுங்காலம் கோர்ட்டு வாசலில் நின்றார்கள். ஒருபால் ஈர்ப்புடையோரும் திருநங்கையரும் திருநம்பியருமே அவர்கள். இந்த இரண்டு சொற்களின் வரலாற்றையும் சேர்த்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1948 நவம்பர் 29

நம்மில் பலருக்கும் தெரியாத செய்தி ஒன்று. அரசியல் நிர்ணய சபையின் முன் வந்த வரைவில் ‘பிறப்பிடம்’ என்ற சொல்லே கிடையாது. 1948 நவம்பர் 29 அன்று நடந்த விவாதத்தில் சையத் அப்துர் ரவூப் என்ற உறுப்பினர் அதைச் சேர்க்கவேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். டாக்டர் அம்பேத்கர் அதை ஏற்றுக்கொண்டார். தீண்டாமையை ஒழிக்கும் ஷரத்து நிறைவேறியதும் அதே நாளில்தான்.

அன்று எழுந்த மற்றொரு கேள்வி, வியாபாரியாகிய என்னை மிகவும் கவர்ந்தது. 15ஆம் ஷரத்தின் இரண்டாம் உட்பிரிவு அரசோடு நிற்பதில்லை. கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள், கிணறுகள், குளங்கள் இவற்றில் நுழைவதையும் பயன்படுத்துவதையும் அதே ஐந்து காரணங்களைச் சொல்லி யாரும் தடுக்கக்கூடாது என்கிறது. ‘கடை’ என்றால் எதுவரைக்கும் என்று சபையில் கேட்டார்கள். பணம் கொடுத்துச் சேவை பெற யார் வந்தாலும் தரத் தயாராக உள்ள இடமெல்லாம் கடைதான் என்ற பொருள்பட அம்பேத்கர் விளக்கினார். உள்ளே விட்டால் மட்டும் போதாது, நிபந்தனை ஒத்துப்போனால் சேவையும் தரவேண்டும் என்பது அவர் கருத்து. 2011இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இந்த விளக்கத்தை எடுத்துக்காட்டி ‘கடை’ என்ற சொல்லை விரித்துப் பொருள் கொண்டது. கல்லாவில் உட்காருகிற ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய சட்டம் இது.

மெக்காலே வைத்துவிட்டுப் போனது

இனி ‘பால்’ என்ற சொல்லுக்கு வருவோம். மெக்காலே தலைமையிலான குழு 1837இல் வரைந்து, 1860இல் சட்டமாகி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது இந்திய தண்டனைச் சட்டம். அதன் 377ஆம் பிரிவு, இயற்கைக்கு மாறான உறவு என்று சொல்லி, ஆயுள் தண்டனை வரை விதிக்க வழி செய்தது. இங்கிலாந்தில் 1533இல் எட்டாம் ஹென்றி காலத்தில் போட்ட சட்டம்தான் இதற்கு வேர். அதே சரக்கை வெள்ளைக்காரன் இலங்கையில் 1883இலும், சிங்கப்பூரில் 377ஏ என்ற பெயரில் 1938இலும் இறக்கினான். தமிழன் போய்ச் சேர்ந்த துறைமுகமெல்லாம் இந்தப் பிரிவும் போய்ச் சேர்ந்தது என்றால் மிகையில்லை. இங்கிலாந்து 1967இல் தன் சட்டத்தைத் தளர்த்திக்கொண்டது. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022இல் நீக்கியது. நாம்தான் இடையில் முன்னும் பின்னும் போய்வந்தோம்.

இந்தப் பிரிவு எப்படிப் பயன்பட்டது என்பதற்கு 1884ஆம் ஆண்டு அலகாபாத் உயர் நீதிமன்ற வழக்கு ஒன்று போதும். பெண் உடை உடுத்திப் பாடிய ஒருவரைப் போலீஸ் பிடித்துவந்து, மருத்துவச் சோதனை செய்து, கீழ்க்கோர்ட்டில் தண்டனையும் வாங்கிவிட்டது. எந்த நாளில், எந்த இடத்தில், யாரோடு குற்றம் நடந்தது என்று ஒன்றுமே குற்றச்சாட்டில் இல்லையே என்று உயர் நீதிமன்றம் விடுவித்தது. செய்த செயலுக்காக அல்ல, இன்னார் என்பதற்காகவே பிடிக்கப்பட்ட ஆள் அவர்.

பம்பாயில் தொடங்கிய வேலை

இந்த உரிமைப் போராட்டத்தில் நம் ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. 1990இல் ‘பாம்பே தோஸ்த்’ இதழ் இங்கேதான் வெளிவந்தது. அதை நடத்திய பத்திரிகையாளர் அசோக் ராவ் கவி, 1994இல் ஹம்சஃபர் டிரஸ்டைத் தொடங்கினார். அப்போது எய்ட்ஸ் பயம் ஊரெல்லாம் பரவியிருந்த நேரம். நோயாளிகளைப் பார்க்கவே பயந்த காலத்தில் நம் சயான் ஆஸ்பத்திரியின் பால்வினை நோய்ப் பிரிவு மருத்துவர்கள் அந்த அமைப்போடு சேர்ந்து பணி செய்தார்கள். சயான்வாசிகள் பெருமைப்பட வேண்டிய விஷயம்.

1997இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. எச்.ஐ.வி. இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஒரு தினக்கூலித் தொழிலாளிக்குப் பொதுத்துறை நிறுவனம் வேலை மறுத்தது. வேலை செய்ய உடலில் வலு இருக்கிறது, மற்றவர்களுக்கு ஆபத்தும் இல்லை என்றால் மறுக்கமுடியாது என்றது கோர்ட்டு. அவர் பெயரை வெளியிடாமல் வழக்கு நடத்தவும் இடம் கொடுத்தது. இந்த வழியில் வளர்ந்ததுதான் 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம். வேலை, கல்வி, மருத்துவம், வாடகை வீடு எதிலும் பாகுபாடு கூடாது என்று தனியாரையும் கட்டுப்படுத்துகிற சட்டம் அது. அதாவது, நோய்க்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு, ஆளின் இயல்புக்கு அவ்வளவு தெளிவாகக் கிடைக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கையும் உரிமையும்

377ஐ எதிர்த்து 1994இல் டெல்லியில் ஒரு மனு போடப்பட்டது. பிறகு 2001இல் நாஸ் ஃபவுண்டேஷன் வழக்குத் தொடுத்தது. 2009 ஜூலை 2 அன்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஏ.பி. ஷாவும் எஸ். முரளிதரும் தீர்ப்பளித்தார்கள். 15ஆம் ஷரத்தில் ‘பால்’ என்று சொன்னால் அதில் பாலியல் ஈர்ப்பும் அடக்கம், வயது வந்தவர் இருவர் மனமொத்துத் தனிமையில் இருப்பது குற்றமாகாது என்றார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்திலுள்ள ‘பால்’ என்ற சொல்லுக்கு இதே பொருளைச் சொன்னது 2020 ஜூனில்தான். நம்மவர்கள் பதினோரு வருஷம் முந்திக்கொண்டார்கள்.

ஆனால் 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. இவர்கள் மிகச் சிறு எண்ணிக்கையினர், நூற்றைம்பது வருஷத்தில் இருநூறு பேர்கூட வழக்கில் சிக்கவில்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

இந்த இடத்தில் சமணன் என்ற முறையில் ஒரு கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் சமணர் சுமார் 44.5 லட்சம் பேர். நூற்றுக்கு அரைப் பங்குகூட இல்லை. தமிழ்நாட்டில், வடக்கிலிருந்து வந்து குடியேறியவர்களையும் சேர்த்து, சுமார் 89 ஆயிரம். அந்தத் தீர்ப்பு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 2014 ஜனவரியில் மத்திய அரசு சமணரைத் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவித்தது. நாம் கொஞ்சம் பேர் என்பதால் நமக்குப் பாதுகாப்பு, அவர்கள் கொஞ்சம் பேர் என்பதால் அவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்றால் அது என்ன கணக்கு? ஒரே தராசில் இரண்டு விதமான படிக்கல்லா? உரிமைக்குத் தலைக்கணக்கு பார்க்கத் தொடங்கினால் முதலில் காணாமல் போவது எங்களைப் போன்றவர்கள்தான்.

நல்லவேளையாக 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, ஒருமித்த குரலில், மனமொத்த வயது வந்தோரின் உறவு குற்றமல்ல என்று தீர்த்தது. 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 377க்கு இணையான பிரிவே இல்லை.

நம் பழைய நூல்கள் சொல்வது

‘இதெல்லாம் மேல்நாட்டு இறக்குமதி சார், நம்ம நூல்ல ஏது?’ என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காக இரண்டு செய்தி.

தொல்காப்பியர் ஆண்மை திரிந்தவர்க்குரிய பெயரை உயர்திணையில் வைத்துப் பேசினார். பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சமண முனிவரான பவணந்தியார், சீயகங்கன் வேண்டுகோளால் செய்த நன்னூலில், பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புபவரை ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புபவரைப் பெண்பாலாகவும் கொள்ள விதி செய்தார். அவர் விரும்பும் பால் எதுவோ அதுவே இலக்கணம். இவர்களை அஃறிணை போலச் சொல்லும் வழக்குக்கும் அதே நூற்பா இடம் தந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

சமண தத்துவம் இன்னும் நுட்பமானது. மோகனீய கர்மத்தின் வகைகளில் ஸ்திரீ வேதம், பும் வேதம், நபும்ஸக வேதம் என்று மூன்று உண்டு. இங்கே வேதம் என்பது காம உணர்வைக் குறிக்கும். ஆணை நாடுவது ஸ்திரீ வேதம், பெண்ணை நாடுவது பும் வேதம், இருவரையும் நாடுவது நபும்ஸக வேதம். உடல் அடையாளம் திரவிய வேதம், உள்ளத்தின் நாட்டம் பாவ வேதம் என்றும் பிரித்தார்கள். பத்தாம் நூற்றாண்டில் நேமிசந்திராசாரியார் இயற்றிய கோம்மடசாரம், இவ்விரண்டும் பெரும்பாலானவர்களிடம் ஒத்துப்போகும் என்றும் சிலரிடம் மாறுபடும் என்றும் சொல்கிறது. ஆண் உடலில் ஆணை நாடும் உள்ளம் இருக்கலாம் என்பது நம் ஆசாரியர்களுக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தெரிந்த சங்கதி.

சமணம் இதை ஆதரிக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. மூன்று வேதமும் வெல்லப்பட வேண்டிய கட்டுகளே. துறவு கொடுப்பதில் தடைகளும் விதித்தார்கள். ஆனால் ஆண் பெண்ணை நாடுவதும் அதே கர்மப் பட்டியலில்தான் இருக்கிறது. அதை நாம் மறந்துவிடுகிறோம். கட்டு என்றால் எல்லாருக்கும் கட்டு. ஒருவருடைய கட்டுக்கு மட்டும் ஜெயில் என்று எந்த ஆகமமும் சொல்லவில்லை.

தமிழ்நாடு காட்டிய வழி

2008இல் தமிழ்நாடு திருநங்கையர் நலவாரியம் அமைத்தது. 2015இல் மாநிலங்களவையில் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமைத் தனிநபர் மசோதா நிறைவேறியது. ஒரு தனிநபர் மசோதாவை ஓர் அவை ஏற்றது 45 வருஷத்துக்குப் பின் அப்போதுதான். அதே ஆண்டு, விண்ணப்பத்தில் தனக்குரிய கட்டம் இல்லை என்று ஒதுக்கப்பட்ட பிரித்திகா யாஷினிக்குச் சென்னை உயர் நீதிமன்றம் வழி திறந்தது. அவர் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். 2019 ஏப்ரலில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், ‘மணமகள்’ என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்று ஒரு தூத்துக்குடித் தம்பதியின் திருமணத்தைப் பதிவு செய்யச் சொன்னார்.

2021இல் சுஷ்மா வழக்கு. பெற்றோரின் புகாரால் போலீஸ் தேடிய இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டு வந்தார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இவ்விஷயத்தைப் புரிந்துகொள்ள முதலில் தாமே ஒரு மனநல வல்லுநரிடம் போய் உட்கார்ந்தார். பிறகே தீர்ப்பு எழுதினார். ‘மாற்று சிகிச்சை’ என்ற பெயரில் நடப்பவற்றைத் தடை செய்தார். அதையொட்டி 2022இல் போலீஸ் நடத்தை விதிகள் திருத்தப்பட்டன. மதிப்பான தமிழ்ச் சொற்களின் பட்டியலும் அரசிதழில் வந்தது.

மீதமிருக்கும் இடைவெளி

2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் ஒருபால் திருமணத்தை அடிப்படை உரிமையாக ஏற்க மறுத்தது. திருமணத்தில் ஆளுக்கு ஆள் கருத்து வேறுபடலாம். அது போகட்டும். என் கவலை அதற்குக் கீழ்ப்படியில் உள்ளது. 15ஆம் ஷரத்தின் முதல் உட்பிரிவு அரசைக் கட்டும். இரண்டாவது, கடையைக் கட்டும். தனியார் முதலாளியையும் வீட்டுக்காரரையும் இவர்கள் விஷயத்தில் எது கட்டும்? எல்லாப் பாகுபாட்டுக்கும் பொதுவாக ஒரு சட்டம் வேண்டும் என்று 2017இல் சசி தரூர் மக்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. 2005இல் ஒரு பார்சி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில், தங்கள் சமூகத்தாருக்கு மட்டும் என்று சங்கம் விதி வைத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

சில வருஷத்துக்கு முன் எங்கள் கட்டடத்தில் வாடகைக்கு இருந்த இரண்டு இளைஞர்களைக் காலி செய்யச் சொல்லவேண்டும் என்று சொசைட்டி கூட்டத்தில் பேச்சு வந்தது. சத்தமில்லை, பாக்கியில்லை. ‘அவங்க ஒரு மாதிரி’ என்பதுதான் குற்றச்சாட்டு. நான் எழுந்து, ‘நம்ம அப்பா காலத்துல மதராசிக்கு ரூம் கிடையாதுன்னு சொன்னவங்களும் இதே மாதிரிதானே காரணம் சொன்னாங்க?’ என்று கேட்டேன். வயதான ஒருவர் ஆமாம் என்றார். பேச்சு அதோடு நின்றது. ஆனால் அந்தப் பையன்கள் இரண்டு மாதத்தில் தாங்களாகவே போய்விட்டார்கள். கூட்டத்தில் ஜெயித்தும் பயன் இல்லை. சட்டத்தில் ஒரு வரி இருந்திருந்தால் அவர்கள் என் பேச்சை நம்பி இருக்கவேண்டியதில்லை.

சைவ உணவுக் கட்டுப்பாட்டுக்கு வீடு கேட்கும் எங்கள் சமூகத்தாருக்கும் ஒரு சொல். சமைப்பதைப் பற்றி நிபந்தனை பேசலாம், பேசித் தீர்க்கலாம். பிறப்போடு வந்ததைப் பற்றி நிபந்தனை பேசமுடியாது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் அஹிம்சை என்ற சொல்லுக்கே பொருள் இருக்காது.

நம் சங்கம் ஊர் விட்டு ஊர் வந்தவர்களின் சங்கம். 1948இல் யாரோ ஓர் உறுப்பினர் எழுந்து நமக்காக ஒரு சொல்லைச் சேர்க்கச் சொன்னார். அவர் தமிழரல்லர், நம்மை அறிந்தவருமல்லர். அந்தக் கடனை அவருக்குத் திருப்பித் தர வழியில்லை. பக்கத்துச் சொல்லில் நிற்பவருக்குத்தான் தரமுடியும்.