மஞ்சள் கம்பியில் வந்த வெளிச்சம்

486 கம்ப்யூட்டர் ஓடிய காலத்தை அறிந்தவர்களுக்கு அந்தக் கேபினெட்டின் முகம் மறந்திருக்காது. வெளிர் பழுப்பு நிறத்தில் தகரப் பெட்டி, முகப்பில் ‘டர்போ’ பொத்தான், பக்கத்திலேயே 33 அல்லது 66 என்று ஒளிரும் இரண்டு இலக்கங்கள். பொத்தானை அழுத்தினால் எண் மாறும். பழைய விளையாட்டுகள் தறிகெட்டு ஓடாமலிருக்க வேகத்தைக் குறைப்பது பொத்தானின் வேலை. அதை அது செய்தது. ஆனால் அந்த எண் எதையும் அளக்கவில்லை. எந்த நிலையில் எந்த எண் தெரிய வேண்டும் என்பதைப் பெட்டியைப் பூட்டியவரே, இலக்கங்களுக்குப் பின்னால் இருந்த குட்டி ஜம்பர்களை மாற்றிச் செருகி முடிவு செய்துவிடுவார். பார்வைக்காகவே கம்ப்யூட்டர் பெட்டியில் ஏறிய முதல் விளக்குகளில் அதற்கும் இடம் உண்டு.

மற்ற விளக்குகள் தகவல் சொல்ல வந்தவை. மின்சாரம் வருகிறது என்பதற்கு ஒரு பச்சைப் புள்ளி, ஹார்ட் டிஸ்க் வேலை செய்கிறது என்பதற்கு ஒரு சிவப்புப் புள்ளி. நிறங்கள் இவ்வளவோடு நின்றதற்கு இயற்பியல்தான் காரணம். கண்ணுக்குத் தெரியும் ஒளி தரும் எல்இடியை 1962-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் நிக் ஹோலோன்யாக் செய்து காட்டியபோது அது சிவப்பாக எரிந்தது. பச்சையும் மஞ்சளும் பின்னால் வந்தன. பளிச்சென்ற நீலத்துக்கு உலகம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது. அதற்கு வேண்டிய காலியம் நைட்ரைடு படிகத்தைப் பழுதில்லாமல் வளர்ப்பது அவ்வளவு கடினம். நகோயா பல்கலைக்கழகத்தில் இசாமு அகசாகியும் ஹிரோஷி அமானோவும், ஷிகோகு தீவின் அனான் நகரில் உள்ள நிச்சியா நிறுவனத்தில் ஷுஜி நகமுராவும் ஆண்டுக்கணக்கில் அதோடு போராடினார்கள். நிச்சியா தன் நீல எல்இடியை 1993-இல் அறிவித்தது. மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. பிற்காலத்தில் கேபினெட்டுகளை நிறைத்த நீல ஒளிக்கு அந்த உழைப்புதான் ஊற்று.

ஒளி தயாராகிவிட்டது, பெட்டி இன்னும் மூடியே இருந்தது.

அதைத் திறக்கத் தூண்டிய இரண்டு பொருள்கள் 1998 ஆகஸ்ட் மாதத்தில் கடைக்கு வந்தன. ஒன்று ஆப்பிளின் ஐமேக். உள்ளே இருப்பது நிழலாகத் தெரியும் நீலப்பச்சை உடல். சிட்னியின் போண்டி கடற்கரைப் பெயரையே அந்த நிறத்துக்கு வைத்திருந்தார்கள். மற்றொன்று இன்டெலின் செலரான் 300ஏ. 300 மெகாஹெர்ட்ஸ் என்று விற்ற மலிவுச் சிப். மதர்போர்டில் பஸ் வேகத்தை 66-இலிருந்து 100-க்கு ஏற்றினால் பெரும்பாலும் 450-இல் ஓடியது. வேகம் ஏறினால் சூடும் ஏறும். சூட்டை வெளியேற்றக் கூடுதல் ஃபேன் வேண்டும், ஃபேனுக்குத் துளை வேண்டும். தகரத்தை அறுக்கத் துணிந்த கை, அடுத்துப் பக்கவாட்டுத் தகட்டில் சன்னலே வெட்டி அக்ரிலிக் பொருத்தியது. சன்னல் வந்த பிறகு உள்ளே இருந்த இருட்டு கண்ணை உறுத்தியது.

பார்க்க ஒரு கூட்டமும் இருந்தது. அவரவர் கம்ப்யூட்டரைச் சுமந்து சென்று, ஒரே மண்டபத்தில் கேபிள் போட்டு விளையாடும் ‘லேன் பார்ட்டி’ அப்போது பரவிக்கொண்டிருந்தது. டெக்சாஸின் கார்லண்ட் நகரில் 1996-இல் ஒரு விடுதியில் தொடங்கிய குவேக்கானும், ஸ்வீடனின் ட்ரீம்ஹேக்கும் அவற்றில் புகழ்பெற்றவை. திரைகள் தெளிவாகத் தெரிய மண்டபத்தை இருட்டாக்குவார்கள். வரிசை வரிசையாக ஒரே சாயல் பெட்டிகள். அந்த இருட்டில் தன் பெட்டி தனியாகத் தெரிய வேண்டும் என்ற ஆசைதான், எந்தத் தொழிற்சாலைத் திட்டத்தையும் விட, இந்தக் கைவேலையை வளர்த்தது.

அன்று பலரும் பொருத்தியது குளிர் கேத்தோடு குழல். ஸ்கேனரிலும் எல்சிடி திரையின் பின்னாலும் எரிந்த, பென்சிலைவிட மெல்லிய கண்ணாடி விளக்கு. ஒளி சீரானது, அழகானது. ஆனால் 12 வோல்ட்டைச் சில நூறு வோல்ட்டாக ஏற்றித் தர ஓர் இன்வெர்ட்டர் வேண்டும். குழலுக்குள் பாதரசம் வேறு. வண்டியில் ஏற்றி இறக்கினால் உடையும். எல்இடிக்கு இந்தத் தொல்லைகள் இல்லை, ஒரு கணக்கு மட்டும் உண்டு. நீல எல்இடி சுமார் 3.2 வோல்ட்டில் 20 மில்லியாம்பியர் எடுக்கும். 12 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் கருகிவிடும். மிச்சம் 8.8 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் வாங்கிக்கொள்ள வேண்டும். கணக்குப்படி 440 ஓம், கடையில் கிடைப்பது 470. பள்ளியில் மனப்பாடம் செய்த ஓம் விதி கையில் சாலிடரிங் அயனோடு புரிந்த இடம் இது. பிறகு வந்த 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் மூன்று மூன்று எல்இடியாகச் சேர்த்து ரெசிஸ்டரையும் பதித்தே கொடுத்தார்கள். குறியிட்ட இடத்தில் கத்தரித்தால் போதும்.

கம்பெனிகள் பிந்தித்தான் வந்தன. இன்று கண்ணாடிப் பக்கத்தோடு கேபினெட் கிடைக்கிறது. ஒவ்வொரு எல்இடிக்குள்ளும் ஒரு கட்டுப்பாட்டுச் சிப் இருக்கிறது. ரேம் கூட வண்ணம் மாற்றி எரிகிறது. எல்லாம் அழகுதான். ஆனாலும் தகரத்தை அறுத்து, அரம் போட்டு, தன் கையால் ஏற்றிய விளக்கின் மதிப்பு இவற்றுக்கு வராது.

ஆகவே பரணில் பழைய கேபினெட் கிடந்தால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட வேண்டாம். அதன் மதர்போர்டில் வண்ண விளக்குக்கான முள்கள் இருக்காது. அவை தேவையும் இல்லை. சென்னை ரிச்சி தெரு போன்ற கடைவீதிகளில் கிடைக்கும் ஒரு ஸ்ட்ரிப் போதும். அறுக்கும் முன் உள்ளே உள்ள அத்தனையையும் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள். ஒரு தகரத் துகள் சிக்கினாலும் மதர்போர்டு போய்விடும். ஸ்ட்ரிப்புக்கான மின்சாரத்தைப் பவர் சப்ளையிலிருந்து தொங்கும் நான்கு முள் மோலெக்ஸ் இணைப்பில் எடுக்கலாம்: மஞ்சள் கம்பி 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவில் உள்ள கறுப்பு இரண்டும் நெகட்டிவ். 1981-இல் ஐபிஎம் பிசியின் ஃபிளாப்பி டிரைவுக்கு 12 வோல்ட் கொண்டு சென்றதும் இதே நான்கு முள் இணைப்புதான்.