கொழுப்புச் செல் உருவாக்கத்தில் ஸ்பிளைசிங்: காரணமா, விளைவா?

கொழுப்புச் செல் எவ்வாறு உருவாகிறது என்ற கேள்விக்கு மூலக்கூறு உயிரியல் தந்துவரும் விடை பெரும்பாலும் மரபணுப் படியெடுத்தலைச் சார்ந்தது. 1994இல் ஸ்பீகல்மன் குழுவினர் பிபிஏஆர்-காமா2 என்னும் புரதத்தை நார்ச்செல்களில் புகுத்தியபோது அவை கொழுப்புச் செல்களாக மாறின. அதன் பின் எந்த மரபணு எவ்வளவு படியெடுக்கப்படுகிறது என்பதே ஆய்வுகளின் முதன்மை அளவுகோலாயிற்று. அந்த அளவுகோல் தேவையானது. ஆனால் போதுமானதன்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ.யில் இன்ட்ரான்கள் நீக்கப்பட்டு எக்ஸான்கள் இணைக்கப்படுவதே ஸ்பிளைசிங். ஷார்ப், ராபர்ட்ஸ் ஆகியோரின் குழுக்கள் 1977இல் அடினோவைரஸில் இதைக் கண்டறிந்தன. எக்ஸான்களைச் சேர்ப்பதும் விடுவதும் மாறும்போது ஒரே மரபணு வெவ்வேறு புரத வடிவங்களைத் தருகிறது. லிப்பின்-1 இதற்குத் தெளிவான சான்று. இப்புரதம் இல்லாத சுண்டெலிகளில் கொழுப்புத் திசு சரிவர உருவாவதில்லை. இதன் ஆல்பா, பீட்டா வடிவங்களிடையே உள்ள வேறுபாடு 33 அமினோ அமிலங்களே. ஆயினும் ஆல்பா வடிவம் செல் முதிர்வுக்கான மரபணுக்களையும், பீட்டா வடிவம் கொழுப்பு உற்பத்திக்கான மரபணுக்களையும் தூண்டுகின்றன. இரண்டையும் ஒன்றாகக் கூட்டி அளந்தால் இவ்வேறுபாடு கணக்கிலேயே வராது.

இங்கே ஒரு மறுப்பு எழும். செல் முதிரும்போது ஆயிரக்கணக்கான மாற்றங்கள் நிகழ்கின்றன. ஸ்பிளைசிங் மாற்றம் அவற்றின் விளைவாக மட்டுமே இருக்கலாமல்லவா? நியாயமான ஐயம்தான். சாம்68 என்னும் ஆர்.என்.ஏ. பிணைப்புப் புரதம் பற்றிய ஆய்வுகள் இதற்கு விடை தருகின்றன. இப்புரதம் நீக்கப்பட்ட சுண்டெலிகள் மெலிந்திருக்கின்றன. கொழுப்பு மிகுந்த உணவு கொடுத்தாலும் எளிதில் பருப்பதில்லை. காரணங்களுள் ஒன்று, செல் வளர்ச்சியை நெறிப்படுத்தும் எம்டார் மரபணுவின் ஐந்தாம் இன்ட்ரான் நீக்கப்படாமல் தங்கிவிடுவது. அதனால் முழு எம்டார் புரதம் குறைகிறது. இதைக்கூட அளவு சார்ந்த மாற்றம் என்று வாதிடலாம். எம்டாரின் சமிக்ஞை வழியில் இயங்கும் எஸ்6கே1 மரபணுவைப் பொறுத்தவரை அந்த வாதம் நிற்காது. சாம்68 குறைந்த முன்கொழுப்புச் செல்களில் எஸ்6கே1இன் குறுவடிவம் பெருகுகிறது, முதிர்வு தடைபடுகிறது. இயல்பான செல்களில் அக்குறுவடிவத்தை மிகைப்படுத்தினாலும் தடை ஏற்படுகிறது. சாம்68 குறைந்த செல்களில் குறுவடிவத்தை மட்டும் அடக்கினால் முதிர்வு ஓரளவு மீள்கிறது. வெறும் விளைவாக இருப்பதை நீக்கினால் செல்லின் போக்கு இவ்வாறு திரும்பாது.

இதே கண்டிப்பு பிற சான்றுகளுக்கும் தேவை. எஃப்டிஓ நொதி ஆர்.என்.ஏ.யிலுள்ள மெத்தில் குறிகளை அகற்றி, ரன்எக்ஸ்1டி1 மரபணுவின் ஆறாம் எக்ஸான் சேர்வதைக் குறைக்கிறது. அப்போது பிறக்கும் குறுவடிவம் கொழுப்புச் செல் உருவாக்கத்தை ஊக்குவிக்கிறது. இது 2014இல் வெளியான முடிவு. ஆனால் எஃப்டிஓ மரபணுப் பகுதியிலுள்ள உடற்பருமன் சார்ந்த மரபு வேறுபாடுகள் ஐஆர்எக்ஸ்3 போன்ற பிற மரபணுக்களை இயக்குவதாகவும் சான்றுகள் உள்ளன. ஆகவே அந்நொதியின் பணியையும் அம்மரபு வேறுபாடுகளின் பணியையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. மனிதரில், ஐந்தாம் எக்ஸான் விடுபட்ட பிபிஏஆர்-காமா வடிவம் முழு வடிவத்தின் செயலைத் தடுக்கிறது. உடல் நிறைக் குறியீட்டெண்ணோடு அதற்குத் தொடர்பும் காணப்படுகிறது. தொடர்பு மட்டுமே உடற்பருமனுக்குக் காரணத்தை நிறுவிவிடாது.

எனவே இத்துறைக்கு இரண்டு பரிந்துரைகள். ஒன்று, மரபணு வெளிப்பாட்டின் கூட்டுத்தொகையோடு வடிவங்களின் விகிதமும் அளக்கப்பட வேண்டும். மற்றொன்று, குறிப்பிட்ட வடிவத்தை நீக்கியும் மீட்டும் பார்க்கும் சோதனை இல்லாமல் காரணம் என்ற சொல்லைப் பயன்படுத்தலாகாது. சிகிச்சைக்கும் இது பொருந்தும். சாம்68 போன்ற புரதம் பல மரபணுக்களைத் தொடுவதால் அதையே முடக்குவது பக்கவிளைவுகளுக்கு வழிவகுக்கும். தண்டுவடத் தசைநலிவு நோய்க்கு 2016இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற நுசினெர்சென், ஒரே மரபணுவின் ஸ்பிளைசிங்கை மட்டும் குறிவைத்துத் திருத்த முடியும் எனக் காட்டியுள்ளது. கொழுப்புத் திசுவிலும் இலக்காக வேண்டியது அத்தகைய தனி எக்ஸானே.